பிள்ளை வேஷமும் ஒரு குடம் தண்ணீரும்

போன மாதம் ஒரு இளம் ஆசிரியை போன் செய்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கப்போகிறதாம். அறிவியல் செயல்பாடுகள் செய்யும்போது சின்னப் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று நான் பத்து விதிகள் எழுதித் தர வேண்டுமாம். "பத்து வரி போதும் சார். பளிச்சுன்னு திரையில போட்டுருவோம்" என்றார். பிறகு தயங்கி, "இப்ப எல்லாச் சோதனையும் வீடியோவுலயே வந்துருதுல்லா சார். சாமானப் பிள்ளைய கையில குடுத்து வம்ப வெலைக்கு வாங்கணுமான்னு நெறைய பேரு கேக்காவ" என்றும் சொன்னார்.

சரி என்று சொல்லிவிட்டு, காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பொதிகை மலையில் பாதியைக் காணவில்லை. மேகம் விலகினால் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் காபி ஆறிப்போனது. என் மனைவி டம்ளரை எடுக்க வந்தபோது காகிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'தண்ணி வந்தாச்சா?' என்று எழுதியிருந்தேன். அது விதியா, கேள்வியா என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறவிக் கனவுக்காரன். சாப்பிட உட்கார்ந்தால் இலை காய்ந்த பிறகுதான் எழுந்திருப்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி படித்த காலத்தில் எனக்கு நினைவிருப்பது இரண்டுதான்: கரும்பலகையில் நுரையீரல் வரைந்தது, வகுப்புக்கு வெளியே நின்ற வாதாம் மரத்தின் இலைகள் பச்சையிலிருந்து சிவப்பானது. பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. கொடுக்கிற வழக்கமும் அப்போது இல்லை. காந்தம் அலமாரியில் இருக்கும், அலமாரி பூட்டியிருக்கும், சாவி தலைமையாசிரியர் இடுப்பில் இருக்கும். அதைவிடப் பாதுகாப்பான அறிவியல் உலகத்தில் கிடையாது.

நான் கடைசியாக நீண்ட நாள் வேலை பார்த்தது, கல்லிடைக்குறிச்சிக்கு ஆற்றின் மறுகரையில் வாய்க்காலை ஒட்டி இருந்த ஒரு சின்னப் பள்ளியில். மத்தியானத்துக்கு மேல் வெயில் வாய்க்காலில் பட்டு, அதன் வெளிச்சம் வகுப்பறைக் கூரையில் வந்து நெளியும். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே கூரையைப் பார்ப்பேன். பிள்ளைகளும் பார்ப்பார்கள். ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் நாங்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்போம்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் ரஹ்மத்து டீச்சர் தலைமையாசிரியையாக வந்து சேர்ந்தார். மேலப்பாளையத்துக்காரர். குட்டையான உருவம், தலையில் வெள்ளை முக்காடு, தோளில் ஒரு துணிப்பை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிள்ளைகள் ஓடினால் "பைய, பைய" என்பார். அவ்வளவுதான், ஓட்டம் நடையாகிவிடும். வந்த அன்றே அலமாரியைத் திறந்து, காந்தம், லென்ஸ், மெழுகுவர்த்தி, கண்ணாடி டம்ளர் எல்லாவற்றையும் வெயிலில் காயப்போட்டார். பிறகு வாசலில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை வெகுநேரம் பார்த்தார்.

"சார் எங்கன போயிட்டிய?"

"இங்கனதான் டீச்சர் இருக்கேன்."

"இல்ல, நல்ல எடத்துலதான் இருக்கிய. நாளையில இருந்து பிள்ளைகளோட பாதுகாப்பு ஒங்க பொறுப்பு."

எனக்குச் சிரிப்பு வந்தது. தூங்குமூஞ்சியைக் காவலுக்கு வைப்பார்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கவனமா இருக்க ஆளுக்குக் கவனமா இருக்கதுதான் தெரியும் சார். பிள்ளைய என்ன செய்யும்னு அவியளுக்குத் தெரியாது. நீங்க பிள்ளைய மாதிரியே யோசிக்கிய. அதான் வேணும்" என்றார். என்னைப் பாராட்டினாரா, வைதாரா என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அவருடைய முறை இதுதான். மறுநாள் என்ன செயல்பாடோ, அதற்கு வேண்டிய பொருள்களை முந்தின நாள் பள்ளி விட்டதும் வராந்தாவில் ஒரு கோரைப்பாயில் பரப்புவார். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், அதன்மேல் ஒரு செம்பு. முதல் கேள்வி எப்போதும் "தண்ணி வந்தாச்சா?" என்பதுதான். ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாரா என்று கேட்பதுபோல அவ்வளவு மரியாதையாகக் கேட்பார். தண்ணீர் வராமல் எதுவும் தொடங்காது. வந்துவிட்டால், "சார், பிள்ளையா மாறுங்க" என்பார்.

நான் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். "எத்தனாங் கிளாஸு டீச்சர்?" என்று கேட்பேன். இரண்டாம் வகுப்பு என்றால் எதையும் முதலில் வாயில் வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு என்றால் மூக்கில் நுழைக்க வேண்டும். நான்காம் வகுப்பு என்றால் பக்கத்தில் இருக்கிறவன்மேல் சோதித்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு ஆபத்தானது, அது யாரும் பார்க்காத நேரத்தில் செய்யும். நான் செய்யச் செய்ய, டீச்சர் எதிரே உட்கார்ந்து, எது ஆகாதோ அதைப் பாயிலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பார். கடைசியில் பாயில் என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் மறுநாள் வகுப்புக்குப் போகும்.

இந்த நாடகத்துக்குப் பார்வையாளர்களும் உண்டு. சத்துணவுக்கூடத்தில் உதவியாளராக இருந்த செல்லத்தாயி, வராந்தா ஓரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே வெற்றிலைச் சிவப்பு வாயால் சிரிப்பாள். அவள் மகள் இசக்கியம்மாள் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். அம்மாவுக்கு வேலை முடியும்வரை தூணைக் கட்டிக்கொண்டு நின்று என் நடிப்பில் குறை சொல்லுவாள். "சார், பிள்ளைய அப்பிடிச் செய்யாது. மொதல்ல மோந்துதான் பாக்கும்" என்பாள். நான் மறுபடியும் மோந்து பார்த்துவிட்டு வாயில் போடுவேன். "ஆங், இப்பச் சரி" என்பாள்.

விதை முளைப்பதைக் காட்டப் பச்சைப்பயறு வைத்திருந்தோம். நான் மூன்றாம் வகுப்பாக மாறியதும் பயறு நேரே மூக்குக்குப் போனது. டீச்சர் பயறை எடுத்துவிட்டு, மூக்கில் நுழையாத அளவு பெரிய மொச்சையை வைத்தார். மெழுகுவர்த்தியைக் கவிழ்த்த டம்ளரால் அணைக்கும் சோதனைக்கு, என் தலையில் ரிப்பனோடு சவுரியைக் கட்டிவிட்டாள் இசக்கி. நான் குனிந்ததும் சடை முன்னால் விழுந்து சுடரைத் தொடப்போனது. மறுநாள் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் சடையை மடித்துக் கட்டிய பிறகுதான் தீப்பெட்டி வெளியே வந்தது.

லென்ஸ் அன்று நடந்ததைச் சொன்னால் என் மானம் போகும். போனால் போகட்டும். மேற்கு வெயில் வராந்தாவில் நீளமாகப் படுத்திருந்தது. லென்ஸைப் பிடித்தேன். பாயில் ஒரு சின்னச் சூரியன் விழுந்தது. அதைக் கொஞ்சம் சுருக்கினேன். இன்னும் சுருக்கினேன். அந்தப் பொட்டு வெளிச்சத்துக்குள் ஏதோ ஊர் இருப்பதாகவும், அங்கேயும் ஒருவன் லென்ஸோடு உட்கார்ந்திருப்பதாகவும் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தபோது, ஒரு செம்புத் தண்ணீர் என் மடியில் வந்து விழுந்தது. பாயில் ஓட்டை விழுந்து புகைந்துகொண்டிருந்தது. "இதுக்குத்தான் சார் ஒங்கள வச்சிருக்கு. ஒரு பிள்ளைகூடக் கைய எடுத்திருக்காது" என்றார் டீச்சர். அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் லென்ஸ் நிழலில்தான் வேலை செய்தது. எறும்பையும் இலை நரம்பையும் பார்க்க நிழலே போதும்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. பிள்ளைகள் கையில் எல்லாம் கொடுத்தோம். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

பிறகு, இசக்கி நான்காம் வகுப்புக்கு வந்த வருடம், மஞ்சளும் சுண்ணாம்பும் வந்தன. மஞ்சள் தடவிய காகிதத்தில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது நான்காம் வகுப்புச் செயல்பாடு. எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டில் எப்போதும் நடக்கிற அறிவியல்தானே. மங்கலப் பொருளில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது என்று நான்கூட நினைத்தேன். பிள்ளையாக மாறி உட்கார்ந்து, கெட்டிச் சுண்ணாம்பை விரலால் வழித்து, அதே கையால் கண்ணைக் கசக்கப்போனேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அவர் அப்படித் தொட்டு நிறுத்தியது அந்த ஒரு முறைதான்.

"சுண்ணாம்பு தோலுக்குத்தான் சாது சார். கண்ணுக்கு அது நெருப்பு. கெட்டிச் சுண்ணாம்பு பிள்ளைய கைக்குப் போக வேண்டாம்."

சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை இறுத்து, அதிலும் தண்ணீர் கலந்து, சோடா மூடிகளில் துளித்துளியாக ஊற்றி வைத்தார். மறுநாள் பிள்ளைகள் குச்சியால் தொட்டுக் காகிதத்தில் வைத்தார்கள். ஒரு மாதிரி வெளிறிய நிறம் வந்தது. பத்திரமான நிறம். இசக்கி தன் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது செவப்பா சார்?"

"செவப்புதான் ளா."

"எங்க சித்தி கல்யாணத்துல ஆரத்தி ரத்தமா இருந்துச்சு. இது ஏமாத்து."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரம். டீச்சர் கூட்டத்துக்காக அம்பாசமுத்திரம் போயிருந்தார். சாரல் விட்டு இளவெயில் அடித்தது. தட்டுகளைக் கழுவிவிட்டுப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாய்க்காலில் ஒரு இலை சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

இசக்கி, சமையல்கூடத்து ஆணியில் தொங்கிய அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்புப் பாக்கெட்டை எடுத்திருக்கிறாள். வெற்றிலைக்கடையில் விற்கிற சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட். நிஜச் சிவப்பைச் செய்து காட்டி என்னை மடக்க வேண்டும் என்று திட்டம். முனை திறக்கவில்லை. முகத்துக்கு நேரே பிடித்து இரண்டு கையாலும் அமுக்கியிருக்கிறாள். அது பக்கவாட்டில் வெடித்து வலது கண்ணுக்குள் போய்விட்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்கு ஓடினேன். அன்று செயல்பாடு இல்லை. ஆகையால் குடமும் நிறைக்கவில்லை. ஆனால் "தண்ணி வந்தாச்சா?" என்ற கேள்வி என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "ஏலே, அடிங்க! மாத்தி மாத்தி அடிங்க! நிறுத்தப்படாது!" என்று கத்தினேன். பம்பு மேடையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் சாய்த்தேன். நல்ல கண்ணுக்குத் தண்ணீர் போகாதபடி, அடிபட்ட கண் கீழ்ப்பக்கம். பம்பிலிருந்து நேரே விழுந்தால் கண்ணில் குத்தும் என்பதால் உள்ளங்கையில் வாங்கி வழியவிட்டேன். மற்றக் கையால் இமையைத் திறக்கப் பார்த்தேன். அவள் திமிறினாள். இமைக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

அதற்குள் செல்லத்தாயி ஓடிவந்துவிட்டாள். கையில் எண்ணெய் பாட்டில். நான் செய்வதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தண்ணி ஊத்தாதீங்க சார்! ஐயோ, சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும்லா! எம்பிள்ள கண்ணு வெந்துரும்! எண்ணெய விடுங்க சார்!"

அவள் சொன்னதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற எந்த வீட்டிலும் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். பானையில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டால், அடுப்பில்லாமலே தளதளவென்று கொதிக்கும். கிட்டே போகாதே என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். அந்தக் கொதிப்பைத்தான் நான் அவள் மகளின் கண்ணுக்குள் ஊற்றிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்தாள். பெற்றவள் எப்படி விடுவாள்? என் கையைக் கடிக்கவும் வந்தாள். அவள் இழுத்த இழுப்பில் தண்ணீர் இரண்டு மூன்று முறை கண்ணைத் தப்பி மண்ணில் விழுந்தது. வீணாகிற ஒவ்வொரு கைத்தண்ணீருக்கும் கண் வெந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விளக்கம் சொல்ல நேரமில்லை. சொன்னாலும் அவள் காதில் ஏறாது. பாக்கெட் இன்னும் இசக்கியின் கைக்குள் இருந்ததைப் பார்த்தேன்.

"செல்லத்தாயி! அந்தப் பாக்கெட்டுல மிச்சம் இருக்கத வழிச்சு ஒன் உள்ளங்கையில வையி. வச்சு, இந்தத் தண்ணிக்குக் கீழ நீட்டு. கொதிக்கட்டும், நான் நிறுத்திருதேன்."

ஒரு நொடி என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு வழித்து வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். தன் கை வேகப்போகிறது என்று நம்பித்தான் நீட்டினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினாள். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். பூமிக்குள்ளிருந்து ஏறிவந்த அந்தத் தண்ணீர் அவள் உள்ளங்கையில் விழுந்து, அங்கிருந்து மண்ணில் சிதறிப் போனது.

"கொதிக்குதா?"

மூடிய கண்ணோடு விரல்களை இன்னும் விரித்தாள்.

"சுடுதா தாயி?"

அவள் மெதுவாகக் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு கரைந்து பால்போல ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல சார்... குளுந்துதான் இருக்கு."

"வெள்ளையடிக்கது கல்லு. இது ஏற்கெனவே தண்ணி குடிச்சு அடங்கினது. தண்ணிதான் இத வெளிய கொண்டுபோவும். கைய நல்லாக் கழுவிட்டு எமையத் தொறந்து பிடி."

எண்ணெய் பாட்டில் எங்கே உருண்டு போனதோ தெரியவில்லை. கையைக் கழுவிவிட்டு, அவள் தன் இரண்டு விரலால் மகளின் இமையை விரித்துப் பிடித்தாள். அதற்குப் பிறகு அந்தக் கை அசையவே இல்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று மாறி மாறிப் பம்பை அடித்தார்கள். கைப்பிடி ஏறி இறங்குகிற கிறீச்சு, தண்ணீர் விழுகிற சத்தம், இசக்கியின் விசும்பல், இவ்வளவுதான். வேப்பமரத்து வெளிச்சம் தண்ணீரில் விழுந்து உடைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தின் நீளம் எனக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் மறுபடியும் தண்ணீருக்கு அடியில் இருந்தோம்.

காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோ ஒன்று கிடைத்தது. நிறைத்த குடத்தோடு ஏறினோம். திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மா இமையைப் பிடிக்க, நான் செம்பால் ஊற்றிக்கொண்டே போனேன். குடம் காலியானபோது வழியில் ஒரு டீக்கடையில் நிறைத்துக்கொண்டோம்.

டாக்டரம்மா இமையைப் புரட்டி, ஒட்டியிருந்த துணுக்குகளை எடுத்தார். "எண்ணெயோ பாலோ விட்டிருந்தா இந்தக் கண்ணப் பத்திப் பேச ஒண்ணும் இருந்திருக்காது. தண்ணி ஊத்தினதாலதான் பாக்குறதுக்கு ஏதாவது மிஞ்சியிருக்கு. ஆனா பார்வை எவ்வளவு தேறும்னு புண் ஆறின பிறகுதான் சொல்ல முடியும்" என்றார். செல்லத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும்போது காசுக்காக எடுத்து இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை உருவிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

சாயங்காலம் ரஹ்மத்து டீச்சர் வந்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். எப்படி நடந்தது, யார் கவனிக்கவில்லை என்று எதுவும் கேட்கவில்லை.

"தண்ணி ஊத்துனியளா?"

தலையாட்டினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாய்க்குள் துஆ ஓதத் தொடங்கினார்.

ஊரில் பேச்சு கிளம்பியது. சோதனையும் வேண்டாம், வேதனையும் வேண்டாம் என்றார்கள். அலமாரியைப் பூட்டச் சொல்லி மேலிடத்திலிருந்தும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு நாள் பள்ளி விட்டதும் டீச்சர் பாயை விரித்தார். குடத்தை வைத்தார். மூடிகளையும் மஞ்சள் காகிதத்தையும் பரப்பினார்.

"சார், இசக்கியா மாறுங்க."

என்னால் முடியாது என்றேன். குச்சியை என் பக்கம் நீட்டினார். கடைசியில் உட்கார்ந்தேன். குச்சியால் தொட்டுக் காகிதத்தில் வைத்தேன். அந்த வெளிறிய நிறம் வந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அப்போது எனக்குள் இருந்து அவள் குரல்தான் வந்தது.

"இது செவப்பா டீச்சர்?"

அவர் காகிதத்தை வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிள்ள கேட்டது ஞாயம்தான்" என்றார். "பத்திரம் பத்திரம்னு நெசத்தையே எடுத்துட்டோம் சார். நாம காட்டலன்னா அவ தேடிக்கிட்டுதான் போவா. இனிமே நெசச் செவப்பு இங்கன, நம்ம கண்ணு முன்னாலதான் வரணும்."

இசக்கி பள்ளிக்குத் திரும்பி வந்தபோது பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் வலது கண்ணை இறுக்கி மூடியே வைத்திருந்தாள். புண் ஆறிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் நல்ல கண்ணை மறைத்து, எழுத்தைப் படி என்றால் போதும், அவள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு அழுவாள். திறந்து, ஒன்றும் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அதட்ட வேண்டாம், அவளாகத் திறக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கண்ணில் பார்வை இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. செல்லத்தாயி வெற்றிலையை விட்டிருந்தாள். சிரிப்பையும் விட்டிருந்தாள்.

டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "செல்லத்தாயி, கல்யாணத்துக்குக் கரைப்பியே, அப்பிடி ஒரு ஆரத்தி கரைக்கணும்" என்றார். அவள் பதறிப்போனாள். "அந்தச் சனியன நான் தொட மாட்டேன் டீச்சர்" என்றாள். "நீ தொட வேண்டாம். நீளக் கரண்டி தொடும். நானும் சாரும் பக்கத்துலயே நிக்கோம்" என்றார்.

பம்பு மேடைக்கு முன்னால் கோலமாவில் ஒரு கோடு போட்டோம். பிள்ளைகள் எல்லோரும் கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பித்தளைத் தாம்பாளம் தரையில். அதில் மஞ்சள் தண்ணீர். பம்புக் கைப்பிடியில் இரண்டு பேர் தயார். குடத்தையும் செம்பையும் ரஹ்மத்து டீச்சரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி வந்தாச்சா?" என்றார் டீச்சர்.

"வந்தாச்சு டீச்சர்!" என்று பள்ளிக்கூடமே கத்தியது.

செல்லத்தாயி தள்ளி உட்கார்ந்து, நீளக் கரண்டியில் சுண்ணாம்பை எடுத்துத் தாம்பாளத்தில் இறக்கிப் பையக் கலக்கினாள். முதலில் கரண்டியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. பிறகு அது சுழன்று விரிந்து தட்டு முழுவதும் பரவியது. எங்கள் பள்ளியில் அப்படி ஒரு சிவப்பை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் கோட்டை மிதிக்காமல் எக்கி எக்கிப் பார்த்தார்கள்.

இசக்கி கோட்டை ஒட்டி நின்றிருந்தாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், கறுப்புக் கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டாள். இடது உள்ளங்கையால் நல்ல கண்ணைப் பொத்தினாள். யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் செய்தாள். வலது இமை துடித்தது. பிறகு, விடியும்போது கதவைத் திறப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கண்ணைத் திறந்தாள்.

செல்லத்தாயி கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். தெரிகிறதா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

"செவப்பு" என்றாள் இசக்கி. பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஓரத்துல மட்டும் பனி மாதிரி இருக்கு சார். நடுவுல நல்ல செவப்பு" என்றாள். பொத்திய கையை எடுக்காமலே அம்மாவைப் பார்த்தாள். "யம்மா, நீ ஏன் அழுவுதே?"

நான் திரும்பிக்கொண்டேன். ரஹ்மத்து டீச்சர் குடத்தை இறக்கி வைக்கவும் மறந்து நின்றார்.

செல்லத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கரைத்த ஆரத்தியை வீணாக்கலாமா? தாம்பாளத்தை இடுப்பளவிலேயே பிடித்து, மகளை எட்ட நிறுத்தி, மூன்று சுற்றுச் சுற்றினாள். முடித்ததும், கல்யாண வீட்டில் செய்வதுபோல, பழக்கத்தில் விரலை அந்தச் சிவப்பில் தோய்த்து மகளின் நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"கண்ணுக்குக் கிட்ட வேண்டாம்!" என்று கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் அலறினார்கள்.

அவள் விரல் பாதியில் நின்றது. விரலைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி நடந்துபோய், தாம்பாளத்தை அடிபம்பின் காலடியில் கவிழ்த்தாள். பிறகு, தண்ணீர் விழுகிற அந்தக் குழாயின் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.